மத்தி ஏன் வளராம நிக்குது? கடல்ல தீனி இருக்கா இல்லையா, பேசலாம் வாங்க

முட்டம்_கடலோடி

மக்களே, இந்த மத்தி விஷயத்த யாராவது கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க. எங்க ஊர்ல சாளைன்னுதான் சொல்லுவோம், நெய்ச்சாளை, பேய்ச்சாளைன்னும் பேர் உண்டு. 2012ல கேரளாவுல மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் பட்டுச்சு. 2021ல பாத்தா மொத்தமே 3,500 டன் கிட்டதான், அப்ப சாளைக் காலம் முடிஞ்சுட்டுன்னே எல்லாரும் பேசினாங்க. பொறவு 2024ல திடீர்னு எங்க வலை விட்டாலும் சாளை, கேரளாவுல வருச கணக்கு ஒன்றரை லட்சம் டன் கிட்ட போயிட்டு. ஆனா எல்லாம் சின்னது, 15 செ.மீ தாண்டவே மாட்டேங்குது, உடம்பும் ஒல்லி. கிலோ 350, 400 வித்த மீன் 20, 30 ரூவாய்க்கு ஏலம் போச்சு. டீசல் காசு கூட தேறல.

கடற்கரையில ஆளுக்கொரு பேச்சு. இது குஞ்சு, விட்டா வளந்துரும்னு ஒருத்தர். இது வேற ஜாதி சாளைன்னு இன்னொருத்தர். கடல்ல தீனியே செத்துப்போச்சுன்னு பலபேர். எது சரி?

செல்வி_கொச்சி

முட்டம் தம்பி, நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிச்சவ, இப்ப கொச்சியில இருக்கேன். மத்தி வயித்த கீறி உள்ள என்ன இருக்குன்னு பாக்குறதே வேலையா இருந்த காலம் உண்டு, அதனால இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

வேற ஜாதியான்னு பாக்க லேப் எல்லாம் வேணாம். தலை நீளமா, உடம்பு உருண்ட வாக்குல இருக்கும். செவுள் மூடி முடியுற இடத்துல ஒரு கருப்புப் புள்ளி, அதுக்குப் பின்னாடி மங்கலா ஒரு தங்க நிறப் புள்ளி, அதுலேர்ந்து வால் பக்கம் தங்கக் கோடு மாதிரி லேசா ஓடும், ஆனா மீன் பழசாயிட்டா இந்த நிறம் மங்கிடும், அதனால பிடிச்ச உடனே பாருங்க. செவுளத் தூக்கினா உள்பக்கம் மெல்லிசா, நீளமா, ரொம்ப நெருக்கமா முள்ளு நிக்கும், வளைவோட கீழ்பாதியில மட்டும் 150, 200க்கு மேல எண்ணலாம். சூடை மாதிரி மத்த சாளைகளுக்கு இவ்ளோ கிடையாது. இப்ப வர்ற சின்ன மீனும் அதே நெய்ச்சாளைதான்.

குஞ்சான்னா, வயித்த கீறிப் பாருங்க. சாதாரணமா மத்தி ஒரு வயசுல 14, 15 செ.மீ வரும், அப்பதான் முதல் தடவ சினை பிடிக்கும். 12, 13 செ.மீ மீன்ல முட்டை நல்லா தெரட்சியா இருந்தா அது குஞ்சு இல்ல, வயசுக்கு வந்தும் வளர வேண்டிய அளவு வளராத மீன். இன்னும் உறுதியா தெரியணும்னா மண்டைக்குள்ள காதுக் கல் இருக்கு, அதுல சின்ன மீனா இருக்கும்போது நாளுக்கு ஒரு வளையம் விழும். அத தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல எண்ணினா எத்தன நாள்னு தெரியும், வளையத்துக்கு வளையம் இடைவெளி எவ்ளோன்னு பாத்தா எந்த வாரம் நல்லா தின்னுச்சு எந்த வாரம் பட்டினி கெடந்துச்சுன்னு கூட சொல்லிடலாம்.

தீனி செத்துப்போச்சுங்கறதுதான் கொஞ்சம் சிக்கலான விஷயம். அத தனியா எழுதறேன், குக்கர் விசில் அடிக்குது.

நாகை_செழியன்

செல்வி அக்கா சீக்கிரம் வாங்க. எங்க கிழக்கு கடற்கரையில நெய்ச்சாளை முன்ன இவ்ளோ கிடையாது, 80கள் கடைசி, 90கள்லதான் பெருசா வர ஆரம்பிச்சுச்சுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி மேற்கு கடற்கரைக்கு மட்டும்தான் அது சொந்தம்.

செல்வி_கொச்சி

வந்துட்டேன். செழியன், அப்பா சொன்னது சரி. பதிவுகளும் அததான் சொல்லுது, முன்ன தென்மேற்குக் கரையிலதான் மீன்பாடு மொத்தமும், அப்புறம் வடக்கேயும் வங்காள விரிகுடா பக்கமும் பரவுச்சு.

இப்ப தீனி. கடல்ல தீனி எவ்ளோ இருக்குன்னு மட்டும் கேட்டா அது பாதிக் கேள்விதான். ஒரு மீன் பங்குக்கு எவ்ளோ வருது, அந்த தீனி என்ன சைஸ், இந்த ரெண்டும் தெரிஞ்சாதான் மீன் ஏன் வளரலன்னு சொல்ல முடியும். நான் இந்த இழையில வாதாடப் போறது இது ஒன்னுக்காகத்தான்.

முதல்ல தீனி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. தென்மேற்குப் பருவ மழைக்காலத்துல நம்ம தென்மேற்குக் கரையை ஒட்டி காத்து வடமேற்குலேர்ந்து கரையோரமாவே வீசும். பூமி சுத்துறதால மேல் தண்ணி கரையை விட்டு வெளிக்கடல் பக்கம் தள்ளப்படும், அந்த இடத்த நிரப்ப அடியிலேர்ந்து குளுந்த தண்ணி ஏறும். அந்தத் தண்ணியில நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் நெறைய. கன்னியாகுமரி, கொல்லம் பக்கம் மே, ஜூன்ல ஆரம்பிச்சு வடக்கே நகரும், செப்டம்பர் அக்டோபர் வரைக்கும் இருக்கும். வெளிச்சம் பட்டதும் டயட்டம்னு சொல்ற ஒத்தை செல் பாசி பல்கிப் பெருகும், அத திங்க கோப்பிபாட்னு பொடி எறா மாதிரி உயிரிங்க பெருகும். மத்தி முட்டை விடுறதும் அதே ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும்தான், பொரிச்சு வர்ற குஞ்சுக்கு வாயத் தொறந்தா தீனி இருக்கணும். பொரிச்ச முதல் சில நாள்ல தீனி கெடைக்காத குஞ்சு செத்துடும், பெரும்பாலும் அந்த நாள்லதான் அந்த வருச மீன்பாடே முடிவாகுது.

2024ல மழையும் அடித்தண்ணி ஏறினதும் நல்லா ஒத்துப்போச்சு, குஞ்சுங்க ஏராளமா பொழைச்சுடுச்சுன்னு சிஎம்எஃப்ஆர்ஐ சொல்லுது. அதாவது கொச்சியில தலைமையகம் இருக்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், அது (1947ல ஆரம்பிச்சது மெட்ராஸ்ல, அப்புறம் நம்ம மண்டபத்துல ரொம்ப வருசம் இருந்துட்டு கொச்சிக்கு போச்சு). பொழைச்ச எல்லாமும் ஒரே நேரத்துல ஒரே தீனிய பங்கு போட்டுச்சு, அதனால உடம்பு பிடிக்காம நின்னுடுச்சுன்னுதான் அவங்க வெளக்கம். எனக்கும் அது நூத்துக்கு நூறு பொருந்துதுன்னு தோணுது.

பாரி_எண்கள்

மேடம், பங்கு போட்டா குறையும்ங்கறது புரியுது, ஆனா மொத்த டன் கணக்குல பாத்தா 2012ல இருந்தத விட 2024ல கம்மிதானே. அன்னைக்கு 4 லட்சம் டன் மீன் நல்லா சாப்ட்டு கொழுத்துச்சு, இன்னைக்கு அதுல பாதி கூட இல்லாத மீனுக்கு தீனி பத்தலன்னா கணக்கு இடிக்குதே? இன்னொன்னு, சேட்டிலைட்ல குளோரோஃபில், அதான் பாசியில இருக்கற பச்சை, அதோட மேப் தினம் வருது, அதுல பச்சை குறைஞ்சிருக்கான்னு பாத்தா முடிஞ்சுது.

செல்வி_கொச்சி

பாரி, ரொம்ப சரியான எடத்துல கேட்டீங்க. கடலுக்குள்ள இருக்கற மீனும் கரைக்கு வர்ற மீனும் ஒரே கணக்கு இல்லங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும். டன்னை விடுங்க, தலைய எண்ணுங்க. 40 கிராம் மீனுன்னா ஒரு டன்னுக்கு 25,000 மீன். 10 கிராம் மீனுன்னா ஒரு டன்னுக்கு ஒரு லட்சம். சின்ன உடம்புக்கு கிராமுக்கு கிராம் தீனி அதிகம் வேணும், எந்த உயிரா இருந்தாலும் பொதுவா அப்படித்தான். உடம்பெடை கூடக் கூட மொத்த செலவு கூடும், ஆனா எடைக்கு நேரா கூடாது, எடையோட முக்கால் அடுக்குக்குத்தான் கூடும்னு ஒரு விதி. அதை வெச்சு போட்டா 10 கிராம் மீன் ஒரு டன் உயிரோட இருக்க, 40 கிராம் மீன் ஒரு டன்னுக்கு வேணுங்கறத விட சுமார் 1.4 மடங்கு தீனி வேணும். ஒரே டன், ஆனா சோறு 40 சதம் கூட.

அதுலயும் திங்கறது மொத்தமும் வளர்ச்சிக்குப் போகாது. மத்தி நிக்காம நீந்துற மீன், அதுக்கே பெரும்பங்கு போயிடும். செரிக்காம வெளிய போறது, சிறுநீரா போறது, சினைக்குப் போறது, கொழுப்பா சேர்றது, இதெல்லாம் போக மிச்சம் வர்றதுதான் நீளம். தோராயமா பத்துப் பங்கு தின்னா ஒரு பங்கு உடம்பாகும். அதனால தீனி ஒரு 10 சதம் குறைஞ்சா வளர்ச்சி 10 சதம் குறையும்னு நெனைக்காதீங்க. நீந்துற செலவு, மூச்சு விடுற செலவு அப்படியே நிக்கும், வெட்டு விழறது அந்த மிச்சத்துலதான். கொஞ்சம் தீனி குறைஞ்சாலே வளர்ச்சி பாதியாயிடும், ஆனா மீன் சாகாது, மெலிஞ்சு போய் உயிரோட சுத்திக்கிட்டே இருக்கும், பக்கத்து மீனோட தீனியையும் தின்னுக்கிட்டே இருக்கும். தண்ணி சூடு ஒரு டிகிரி கூடினா மூச்சு செலவு சுமார் 7 சதம் கூடும், அரபிக்கடல் சூடாகிக்கிட்டு வர்றது எல்லாருக்கும் தெரியும்.

சேட்டிலைட் நல்லதுதான், நானே தினம் பாப்பேன், ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துலேர்ந்து மீனவருக்கு தகவல் போறதும் அத வெச்சுதான். ஆனா ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் நம்ம கரை மேல மேகம் மூடிக் கெடக்கும், மத்திக்கு முக்கியமான அந்த மூணு மாசம்தான் படத்துல பெரிய ஓட்டை. மேகம் இல்லாத நாள்லயும் மேல்மட்டம்தான் தெரியும், அடியில பத்து இருபது மீட்டர்ல இருக்கற பாசி தெரியாது. எல்லாத்துக்கும் மேல, பச்சையா இருக்கறது எந்தப் பாசி, அத திங்கற கோப்பிபாட் பெருசா சின்னதான்னு குளோரோஃபில் சொல்லாது.

சாந்தி_சமையல்

நான் ஆராய்ச்சிக்காரி இல்ல, வீட்டுல வாரம் ரெண்டு நாள் மத்தி வாங்கறவ. எனக்கு தெரிஞ்ச ஒன்னு சொல்றேன். ஐப்பசி கார்த்திகையில வர்ற நல்ல மத்திய சட்டியில போட்டா எண்ணெயே ஊத்த வேணாம், அதுலேர்ந்தே நெய் இறங்கி அதுலயே பொரிஞ்சுடும், வீடு பூரா வாசம், வயித்துப் பக்கம் வெள்ளையா கொழுப்பு ஒட்டியிருக்கும். போன வருசம் வாங்கினதுல கரண்டி கரண்டியா எண்ணெய் ஊத்தினாலும் சட்டியில ஒட்டிக்கிட்டு பிஞ்சு வந்துச்சு. வயித்தத் தொறந்தா உள்ள ஒன்னுமே இல்ல, வெறும் தோலு. இது உங்க தீனிக் கணக்கோட சேருமா அக்கா?

செல்வி_கொச்சி

சாந்தி, நீங்க சொன்னத அப்படியே ரிப்போர்ட்ல எழுதலாம், அவ்ளோ துல்லியம். மத்தி உடம்புல கொழுப்பு வருசம் பூரா ஒரே அளவுல இருக்காது. முட்டை விட்டு முடிச்சதும் ரொம்ப இறங்கிடும், மழை முடிஞ்சு நல்லா தின்னு தேறினா அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் உச்சத்துக்குப் போகும், நல்ல வருசத்துல 15 சதத்துக்கு மேல கூட வரும். மீன் மிச்சம் பிடிச்சு சேக்குற சேமிப்பு அது. அந்த மாசத்துலயே கொழுப்பு இல்லன்னா மீன் அன்னன்னைக்கு கெடைக்கறத அன்னன்னைக்கே செலவு பண்ணிடுதுன்னு அர்த்தம். அடுத்த மழைக்கு முட்டை உருவாகுறதும் இந்த சேமிப்புலேர்ந்துதான், அதனால இது நாக்கு ருசியோட நிக்கற விஷயம் இல்ல.

பழைய_மாலுமி

பிள்ளைகளா, இத நூறு வருசத்துக்கு முன்னாடியே நம்ம மெட்ராஸ் மாகாண மீன்துறை தொட்டிருக்கு. ஜேம்ஸ் ஹார்னெல்னு டைரக்டர், அவரோட ராமசாமி நாயுடு, ரெண்டு பேரும் 1920கள்ல மலபார் கரையில மத்தி வாழ்க்கையையும் அது திங்கற பிளாங்க்டனையும், அதான் தண்ணியில மெதக்குற பொடி உயிரிங்களையும் சேத்து ஆராய்ச்சி பண்ணி அறிக்கை போட்டாங்க. பொறகு 1955ல நாயர், சுப்ரமணியன்னு ரெண்டு பேர், பிராஜிலேரியாங்கற டயட்டம் எந்த வருசம் பெருகுதோ அந்த வருசம் மத்தி பெருகும்னு எழுதினாங்க. அதே மாதிரி தண்ணிய செவப்பாக்குற நாக்டிலூக்காங்கற ஒத்தை செல் உயிரி பெருகினா மீன் ஓடிடும்னு 1950ல ஒரு கட்டுரை வந்துச்சு. எங்க காலத்துல செந்தண்ணி கண்டா வலைய ஏத்திட்டு வேற பக்கம் போயிடுவோம்.

இந்த ஏத்த இறக்கமும் புதுசு இல்ல. 1940கள்ல மத்தி படுத்துப்போய் அரசாங்கமே சின்ன மத்தி பிடிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு, அதுல ஒரு வலைக்கு பேரே மத்திக்கொல்லி வலை.

முட்டம்_கடலோடி

மாலுமி ஐயா, மத்திக்கொல்லி வலை பேர் எங்க தாத்தா சொல்லி கேட்டிருக்கேன். அப்போ சாளை பாசி திங்கற சைவ மீனு, பாசி பெருத்தா அதுவும் பெருக்கும், அவ்ளோதானா அக்கா?

செல்வி_கொச்சி

மாலுமி ஐயா சொன்ன அறிக்கைகள் எங்களுக்கு இன்னைக்கும் அடிப்படைதான், ரொம்ப நன்றி ஐயா. முட்டம் தம்பி, சைவம்னு முடிச்சுடாதீங்க, இங்கதான் பெரிய சுவாரசியம் இருக்கு.

மழைக்காலத்துல ஒரு மத்தி வயித்த கீறினா பச்சையும் பழுப்புமா ஒரு கூழ் வரும். ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடுல வெச்சா டயட்டம் எண்ணி மாளாது, நடுவுல அங்கங்க ஒரு கோப்பிபாட் காலு, ஒரு கண்ணு. எண்ணிக்கைய எழுதினா 99 சதம் டயட்டம்னு வரும். ஆனா ஒரு கோப்பிபாட் எடையில எத்தன ஆயிரம் டயட்டத்துக்கு சமம்னு யோசிங்க. பெரு நாட்டுல ஆங்கோவேட்டான்னு நெத்திலி இனம், உலகத்துலயே அதிகமா பிடிபடுற மீன்ல ஒன்னு, அதையும் ரொம்ப காலம் டயட்டம் திங்கற மீனுன்னுதான் எழுதி வெச்சிருந்தாங்க. 2008ல எண்ணிக்கைய விட்டுட்டு கார்பன் கணக்குல பாத்தா மூணுல ரெண்டு பங்கு எறா மாதிரி இருக்கற கிரில் வகை, கால் பங்குக்கு மேல கோப்பிபாட், டயட்டம் ரெண்டு சதம் கூட தேறல. மத்தி அந்த அளவுக்கு மாமிசம்னு நான் சொல்லல, அதோட செவுள் முள்ளு அவ்ளோ நெருக்கமா இருக்கறதே பொடிசை வடிகட்டத்தான். ஆனா வளத்தி, கொழுப்பு ரெண்டுக்கும் கோப்பிபாட் வர்ற பங்கு எண்ணிக்கைய பாத்தா தெரியாது.

ஒரு மத்தி ஒரு நாளைக்கு எவ்ளோ திங்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கறோம்னு பாரி தனிமடல்ல கேட்டிருந்தாரு. 24 மணி நேரமும் மூணு மணிக்கு ஒரு தடவ வலை விட்டு மீன் எடுக்கணும், உடனே ஐஸ்ல போட்டு, வயித்துல இருக்கறத எடை போடணும். வயிறு எவ்ளோ வேகமா காலியாகுதுன்னு தொட்டியில வெச்சு தனியா பாக்கணும். சராசரி வயித்து எடைய காலியாகுற வேகத்தால பெருக்கி 24ஆல பெருக்கினா ஒரு நாள் தீனி. சொல்ல ஈஸி, மழைக்காலத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு ஆடுற போட்டுல தராசு நிக்காது.

மார்செய்_குமரன்

வணக்கம் எல்லாருக்கும், நான் காரைக்கால்காரன், பிரான்ஸ்ல மார்செய் பக்கம் இருக்கேன். செல்வி அக்கா தீனி சைஸ் பத்தி சொன்னதும் இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு. இங்க லியோன் வளைகுடாவுல சார்டைன்னு நம்ம மத்திக்கு சொந்தக்கார மீனுக்கு நடந்தது அப்படியே உங்க கதை. 2008 வாக்குலேர்ந்து மீன் சின்னதாக ஆரம்பிச்சுது, சராசரி 15 செ.மீ இருந்தது 11 செ.மீ, 30 கிராம் இருந்தது 10 கிராம். எண்ணிக்கை கொறையல, ஆனா பெரிய வயசு மீன் காணாம போச்சு. இங்க ஆலைக்காரங்க சின்ன சைஸ் வாங்க மாட்டாங்க, அந்தத் தொழில்ல இருந்த போட்டுங்க ஒவ்வொன்னா நின்னுடுச்சு, நான் வந்த புதுசுல மார்க்கெட்ல குவிஞ்சு கெடக்கும், இப்ப பாதி வெளியூர் சரக்கு.

இஃப்ரெமர்னு இங்க கடல் ஆராய்ச்சி நிறுவனம். அவங்க டூனாவும் டால்ஃபினும் தின்னதாலயா, நோயா, அதிகமா பிடிச்சதாலயான்னு ஒவ்வொன்னா பாத்து, முக்கிய காரணம் அது எதுவும் இல்லன்னு ஒதுக்கிட்டு தீனி பக்கம் வந்தாங்க. அப்புறம் பலவாஸ்ங்கற ஊர்ல தொட்டியில சார்டைன் விட்டு ஒரு சோதனை. ஒரு தொட்டிக்கு பெரிய தீனி, ஒரு தொட்டிக்கு பொடித் தீனி. பெரிய தீனின்னா மீன் ஒவ்வொன்னா பாத்து கவ்வுது. பொடின்னா வாயத் தொறந்துக்கிட்டு வேகமா நீந்தி வடிகட்டுது, அதுக்கு செலவு ஜாஸ்தி. பொடி திங்கற மீன் அதே அளவு வளர ரெண்டு மடங்கு தீனி திங்க வேண்டியிருந்துச்சு! எடை ஒன்னுதான், சத்தும் ஒன்னுதான், துண்டு சைஸ் மட்டும்தான் வேற.

செல்வி_கொச்சி

குமரன் தம்பி, நான் எழுத இருந்தத என்னை விட நல்லா எழுதிட்டீங்க. பால்டிக் கடல்லயும் இதோட சொந்தக்கார கதை ஒன்னு உண்டு. 80கள் கடைசியில அங்க காட் மீன் படுத்துப்போச்சு. காட் தின்னுக்கிட்டிருந்த ஸ்ப்ராட்டுங்கற சின்ன மீன் 90கள்ல பெருகிடுச்சு. அது திங்கறதும், ஹெர்ரிங்னு மத்திக்கு சொந்தக்கார மீன் திங்கறதும் ஒரே கோப்பிபாட். அதோட அந்தக் கடல்ல உப்பு குறைஞ்சதால சூடோகலானஸ்னு கொழுப்பு உள்ள நல்ல கோப்பிபாட் வேற கம்மியாச்சு. அதே வயசு ஹெர்ரிங் எடை 80கள் ஆரம்பத்துல இருந்ததுல பாதிக்கு வந்துடுச்சு. ஸ்ப்ராட் எங்க நெருக்கமா இருக்கோ அங்க ஹெர்ரிங் இன்னும் ஒல்லி. பங்குக்கு ஆள் கூடினது, தீனி தரம் மாறினது, ரெண்டும் சேந்து அடிச்சது.

நம்ம பக்கம் இன்னொன்னும் சேக்கணும், இது என் ஊகம்னு வெச்சுக்கோங்க. மழைக்காலக் கடைசியில ஏறி வர்ற அடித்தண்ணியில ஆக்சிஜன் ரொம்ப கம்மி. மீனால கீழ போக முடியாது, கரையோரமா, மேல்மட்டத்துல மெல்லிசான ஒரு அடுக்குக்குள்ள நெருங்கிடும். நமக்கு வலையில நல்லா பட அது ஒரு காரணம், ஆனா மீனுக்கு அந்த அடுக்குல இருக்கற தீனிதான் கதி. கூட்டம் பெருசான வருசத்துல இது எவ்ளோ நெருக்கடின்னு நெனச்சுப் பாருங்க.

நாகை_செழியன்

எல்லாம் சரி அக்கா, அப்ப நான் நேரா கேக்கறேன். ஆள் கூடினதால தீனி பத்தலன்னா, சின்னத நெறைய பிடிச்சு எடுத்துட்டா மிச்சம் இருக்கறது நல்லா வளருமே. குளத்துல குஞ்சு நெருக்கமா விட்டா அப்படித்தானே கலைச்சு விடுவோம். அப்பறம் எதுக்கு 10 செ.மீ கீழ பிடிக்காதேன்னு கேரளாவுல சட்டம்? நீங்க சொன்ன அறிவியல் சட்டத்துக்கு எதிரால்ல நிக்குது?

முட்டம்_கடலோடி

இத நானும் கேக்கணும்னு இருந்தேன். ஆனா செழியன் அண்ணே, சின்ன சாளை பிடிச்சா எங்க போகுது? மீனை அரைச்சு தீவனத்தூள் பண்ற பிஷ்மீல் கம்பெனிக்கு, கிலோ என்ன வெலைக்கு எடுக்குறான்னு உங்களுக்கே தெரியும். வள்ளக்காரனுக்கு அதுல ஒன்னும் மிஞ்சாது.

செல்வி_கொச்சி

செழியன், உங்க கேள்விய யாரும் சும்மா தள்ளிட முடியாது, வளத்தி நெரிசலைப் பொறுத்ததுங்கறது உண்மைதான். ஆனா குளத்துல எத்தன குஞ்சு விட்டோம்னு உங்களுக்கு தெரியும், எவ்ளோ தீனி போடுறோம்னும் தெரியும். கடல்ல ரெண்டும் தெரியாது. அடுத்த மழை எப்படி இருக்கும்னு சுத்தமா தெரியாது. 2015, 16ல பெரிய எல் நினோ, அதான் பசிபிக் கடல் சூடாகி உலக வானிலையே மாறுறது, வந்துச்சு, மத்தி இறங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சிஎம்எஃப்ஆர்ஐ சொல்லுது. அந்த மாதிரி ஒரு வருசம் வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சு யாரும் கலைச்சு விட முடியாது.

மத்தி வாழறதே ரெண்டு ரெண்டரை வருசம். ஒரு மீன் ஒரு மழை, மிஞ்சினா ரெண்டு மழைக்குத்தான் முட்டை விடும். வயசான மீனை நம்பி கெட்ட வருசத்த கடத்துற வசதி இதுக்கு இல்ல. ஒரு தலைமுறைய முட்டை விடறதுக்கு முன்னாடியே அள்ளிட்டா, அடுத்த வருசம் மழையும் தப்பினா, 2021 மறுபடி வரும். அது போக, மெலிஞ்ச மீன் மெலிஞ்சே இருக்கணும்னு இல்ல, தீனி திரும்பினா சட்டுனு கொழுப்பு பிடிச்சுக்கும், அதுக்கு ஒரு நல்ல சீசன் போதும். சின்னதா இருக்கும்போது கிலோ 20 ரூவாய்க்கு போன அதே மீன், வளந்து அக்டோபர்ல சாந்தி சட்டியில நெய் விட்டா என்ன வெலைக்குப் போகும்னு கணக்குப் போடுங்க.

10 செ.மீக்கு மேல, ஒன்றுக்கு ரெண்டு தடவ சினை பிடிச்சும் வளராம நிக்கற 13 செ.மீ மீனை கொஞ்சம் கூடுதலா பிடிக்கலாமான்னு கேட்டா, அது நியாயமான விவாதம். அதுக்கு வயசு தெரியணும், வெறும் நீளம் பத்தாது.

நாகை_செழியன்

13 செ.மீ விஷயத்துல நீங்க கொஞ்சம் இறங்கி வந்ததே எனக்கு போதும் அக்கா. ஆனா கேரளாவுல ரிங் வலை போடலாம், எங்க பக்கம் அதே மாதிரி கூட்டத்த சுத்தி வளைச்சு அடிய சுருக்குற சுருக்குமடிக்கு தடை, 2023ல சுப்ரீம் கோர்ட் 12 கடல் மைலுக்கு அப்பால வாரத்துல ரெண்டு நாள் மட்டும் விட்டுச்சு. ஒரே மீன் கூட்டம், மாநிலத்துக்கு மாநிலம் வேற சட்டம். மீனுக்கு எல்லை தெரியுமா? 10 செ.மீன்னா எல்லாருக்கும் 10 செ.மீன்னு இருக்கணும், அதுல நான் பின்வாங்க மாட்டேன்.

பாரி_எண்கள்

செழியன் சார் சொன்னது நியாயம். செல்வி மேடம், வீட்டுல, கரையில இருக்கறவங்க மீன் தீனி தின்னுச்சான்னு தெரிஞ்சுக்க சிம்பிளா ஒரு அளவு சொல்லுங்களேன்.

செல்வி_கொச்சி

இருக்கு பாரி. கிராம்ல எடைய 100ஆல பெருக்கி, செ.மீ நீளத்த மூணு தடவ பெருக்கி வர்றதால வகுங்க. 15 செ.மீ மீன் 30 கிராம் இருந்தா 3000ஐ 3375ஆல வகுத்தா 0.89. நெய்ச்சாளைக்கு 0.9 பக்கம் வந்தா நல்லா சாப்ட்ட மீன். 14 செ.மீ மீன் 20 கிராம்தான் இருந்தா 2000 வகுத்தல் 2744, 0.73 வரும், அது பட்டினி மீன். ஒரு மீனை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரே தடவ வலையில பட்டதுலேர்ந்து பொறுக்காம அள்ளி ஒரு ஐம்பதாவது எடுங்க, சினை முத்தின மீனை தனியா எழுதுங்க, முட்டை எடையே கணக்க ஏத்திடும்.

முட்டம் தம்பி, உங்க வள்ளத்துல மாசம் ஒரு தடவ இத எழுதினா கூட போதும், தேதி, எந்த ஆழம், தண்ணி தெளிவா கலக்கலா, அதையும் சேத்து.

முட்டம்_கடலோடி

தராசு நம்ம கடையில இருக்கு, ஸ்கேல் மவன் பள்ளிக்கூட பையில எடுத்துக்கிடலாம். இந்த வாரமே ஆரம்பிக்கேன். அக்கா, நீளம் மூக்கு நுனியில இருந்து எது வரைக்கும்?

செல்வி_கொச்சி

வால் நுனி வரைக்கும் தம்பி, வாலை லேசா சேத்துப் பிடிச்சு. நான் சொன்ன 0.9 அந்த நீளத்துக்குத்தான். வால் பிளவு வரைக்கும் எடுத்தா கணக்கு கூட காட்டும், ஒல்லி மீனும் கொழுத்த மீனா தெரியும். ஐஸ்ல ரொம்ப நேரம் கெடந்த மீனு வேணாம், கரையேறின உடனே போடுங்க.